மேலிருந்து நாலாவது

யாராவது பேனாவைக் கையில் எடுத்தால் அன்ரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். கழுத்தை மட்டும் திருப்புவதில்லை. தோள், இடுப்பு, கால் எல்லாம் சேர்த்து முழு ஆளாக மற்றப் பக்கம் திரும்பி நிற்பார். எழுதுகிறவர் பேனாவை மேசையில் வைத்த சத்தம் கேட்டபிறகுதான் இந்தப் பக்கம் வருவார். எழுதுவது காசோலையா, கடிதமா, கடைக்கு வாங்கவேண்டிய வெங்காயக் கணக்கா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை.

நான் இதை முதலில் கவனித்தது நான் வேலை செய்த மருந்துக்கடையில். பார்க் எக்ஸ்டென்ஷனில், மெட்ரோவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்தக் கடை. எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவருடைய மருந்துப் பெட்டியை எட்டிப் பார்த்தே அவருக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அன்று பின்னேரமே அது கோயில் வாசல்வரை போய்விடும். அன்ரி மட்டும், முன்னால் நிற்பவர் பையைத் திறந்த உடனே ஷாம்புத் தட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவார். ஷாம்பு எடுக்கத் தெரியாமல் தடுமாறுகிறார் என்று நினைத்து ஒருநாள் நான் உதவிக்குப் போனேன். "எனக்கு ஒண்டும் வேண்டாம் பிள்ளை. அவர் தன்ர அலுவலை முடிக்கட்டும்" என்றார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. ரகசியத்தை அந்த அளவுக்கு மதித்த மனுசியின் பெயரையாவது காப்பாற்றி வைப்போம் என்றுதான். காப்பாற்றவேண்டிய மற்றதை நான் காப்பாற்றவில்லை.

பிறகு அவர் என் மேல்வீட்டுக்காரியானார். அல்லது நான் அவருடைய கீழ்வீட்டுக்காரியானேன். வெளியே இரும்புப் படி வளைந்து ஏறும் பழைய மூன்று மாடி வீடு. அன்ரி அப்போது டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். கரண்டி, முள்ளு, கத்தி மூன்றையும் துணியில் சுற்றித் தட்டில் வைப்பது அவர் வேலை. விடியமுன் இரண்டு பஸ் மாறிப் போவார். அறுபதைத் தாண்டியிருந்தார். புருஷன் இல்லை. ஒரே மகன், பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு வாங்கி, புற்றரை வெட்டி, கார் கழுவி, நல்ல கனேடியனாக இருந்தான்.

கோயிலிலும் இதே கதைதான். பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும்போது, உள்ளே முழந்தாளிட்டிருப்பவரின் குரல் காதில் விழக்கூடாது என்று ஆறு வாங்கு வரிசை தள்ளி நிற்பார். அந்த இடைவெளியைக் கண்டவர்கள், இவர் வரிசையில் இல்லை என்று நினைத்து முன்னுக்குப் போய்விடுவார்கள். பூசை மணி அடிக்கும்வரை அன்ரி அங்கேயே நின்றுவிட்டு, பாவங்களோடு திரும்பி வந்து வாங்கில் இருப்பார். "உங்களுக்குச் சொல்லப் பெரிசா என்ன கிடக்கு, விடுங்கோ" என்று நான் பகிடி பண்ணுவேன். இப்போது அந்தப் பகிடியை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒரு தேர்தல் காலத்தில் மகன் தன் புற்றரையில் ஒரு கட்சியின் பலகையை நட்டிருந்தான். அன்ரியைக் காரில் கொண்டுபோய் விட்டது நான்தான். காரிலிருந்து இறங்கினார், பலகையைக் கண்டார், அப்படியே திரும்பிப் பக்கத்து வீட்டு வேலி ஓரமாக நடந்து பின்கதவால் உள்ளே போனார். மகன் முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். "அம்மாவுக்கு என்ன?" என்று என்னைக் கேட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போது நான் அன்ரியின் இந்தக் குணத்தை வயதானவர்களுக்கு வரும் ஒரு விசித்திரம் என்றே வைத்திருந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் பன்னிரண்டு வயதில் இங்கே, பிரெஞ்சு பேசும் இந்த மாகாணத்துக்கு, வந்தவள். பிரெஞ்சு நாக்கில் தடக்காது. அதனால் எங்கள் கோயில் ஆட்களில் பாதிப் பேருக்குக் கடிதம் வாசிப்பவள், படிவம் நிரப்புபவள், கந்தோருக்குக் கூடப் போகிறவள் நான்தான். அப்படி இருக்கிறவர்களுக்கு மெல்ல மெல்ல ஒரு நோய் வரும். மற்றவர்களுக்குப் பாஷைதான் தெரியாது என்பதை மறந்து, ஒன்றுமே தெரியாது என்று நினைக்கத் தொடங்குவோம். எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது.

அந்த நாளில் அரசாங்கம் ஒரு வாக்குறுதி தந்திருந்தது. அடுத்த மாகாணத் தேர்தல் நாளன்றே, தேர்தல் முறையை மாற்றலாமா என்று மக்களிடம் இன்னொரு சீட்டில் கேட்போம் என்று. இப்போதைய முறையில் ஒரு தொகுதியில் யாருக்கு அதிகம் விழுகிறதோ அவர் ஒருவரே உள்ளே போவார். மற்றவர்களுக்குப் போட்டவர்களின் வாக்கெல்லாம் காற்றோடு போகும். புது முறையில், கட்சி எவ்வளவு வாக்கு எடுத்ததோ அதற்கேற்ற அளவில் ஆசனமும் கிடைக்கும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. வீணாகப் போகும் வாக்குகளை நினைத்து உண்மையாகவே மனம் கொதித்தேன். ஒவ்வொரு வாக்கும் எண்ணப்படவேண்டும் என்று எழுதிய பொத்தானை மேலங்கியில் குத்திக்கொண்டு திரிந்தேன். நாலைந்து பேர் சேர்ந்து குழு ஒன்றும் வைத்திருந்தோம்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு, கோயில் மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் வைத்தேன். ரோல்ஸும் தேத்தண்ணியும் இருந்தபடியால் ஆட்களும் இருந்தார்கள். விளக்கி முடித்ததும், "இப்பத்தைய முறை நல்லதெண்டு நினைக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்றேன். அன்ரி கதிரையை விட்டெழுந்து வாசலுக்குப் போய், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டார். கைகளை எண்ணி முடித்த பிறகும் உள்ளே வரவில்லை. பாவம், மனுசிக்கு ஒன்றும் விளங்கவில்லை, வெட்கத்தில் எழுந்து போய்விட்டார் என்று நினைத்தேன்.

அதனால் அடுத்த நாள் பின்னேரம் மைசூர்ப் பருப்பும் பாசிப்பயறும் கடலையும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். அவருடைய குசினி மேசையில் பருப்பு ஒரு கட்சி, பயறு ஒரு கட்சி, கடலை ஒரு கட்சி என்று பிரித்துவைத்து, நாற்பது நிமிடம் வகுப்பெடுத்தேன். அன்ரி நடுவில் எழுந்து தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் முடித்ததும், சிதறிப்போன கடலைகளைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஊரிலயும் விகிதாசாரம்தான் பிள்ளை. சீட்டில கட்சிக்கு ஒரு புள்ளடி, பேந்து ஆக்களுக்கு விருப்பு இலக்கம் மூண்டு. நான் எண்ணியிருக்கிறன்."

மன்னாரில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவராம். ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடி வேலைக்கு இவரைப் போடுவார்களாம். இரவிரவாக எண்ணும் வேலைக்கும் போயிருக்கிறார். இதையெல்லாம் நான் வகுப்பெடுக்க முன்னமே சொல்லியிருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். "நீர் ஆசையாச் சொல்லிக்கொண்டிருந்தீர்" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த முகம் திரும்புவது எங்கே தொடங்கியது என்று தெரிந்தது. ஒரு தேர்தலுக்கு அவரைக் கரையோரத்துச் சிறு கிராமம் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஒருவரும் வாக்குப் போடக்கூடாது என்று துவக்கு வைத்திருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை சாவடியில் காகம்கூட வரவில்லை. பிறகு ஒரே ஒரு மனுசன் வந்தார். சறமும் தோளில் துவாயுமாக, நடுத்தர வயது. அன்ரி அவருடைய விரலில் மை பூசி, சீட்டைக் கொடுத்துவிட்டு, மறைப்புப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்த மனுசன் உள்ளே வெகுநேரம் நின்றாராம். போட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

"அதுக்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடிச்சது" என்றார் அன்ரி. "பெட்டிக்குள்ள ஒரேயொரு சீட்டு. அதைத் திறக்கிற ஆருக்கும் அவர் ஆருக்குப் போட்டவரெண்டு தெரியுமெல்லோ."

அந்தப் பெட்டியை மற்றச் சாவடிப் பெட்டிகளோடு சேர்த்துக் கொட்டித்தான் எண்ணினார்கள் என்ற செய்தி மூன்றாம் நாள்தான் அவருக்குக் கிடைத்தது. அந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை என்றார். அந்த மனுசன் யாரென்று அவருக்குத் தெரியாது, அதற்குப் பிறகு காணவும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு என் தட்டைக் கழுவித் துடைத்துத் தந்தார். இந்தக் கதையைக் கேட்டவள் நான். கேட்டு, கண் கலங்கி, கீழே வந்து என் புருஷனுக்கும் சொன்னவள். பிறகு செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று எந்தக் கோயிலிலும் நான் சொல்ல முடியாது.

அப்படியானால் தேர்தல் முறையை மாற்றுவதற்கு நீங்கள் ஆம் என்றுதானே போடுவீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "யோசிக்கிறன்" என்றார். அது அவருடைய பேச்சில் அடிக்கடி வரும் சொல். எண்ணுவதற்கு அது நியாயமான முறைதான், ஆனால் அங்கே தன் கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை என்றார். இங்கே ஒரு தொகுதிக்கு ஓர் ஆள், ஒரு கந்தோர், தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது என்றார். அதை விடவும் மனம் வரவில்லை, வீணாகப் போகும் வாக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கவும் மனம் வரவில்லை. இரண்டையும் யோசிக்கவேண்டும்.

அவர் யோசித்து முடிக்குமுன் அரசாங்கம் அந்த இரண்டாவது சீட்டைக் கைவிட்டுவிட்டது. தேர்தல் மட்டும்தான், கேள்வி இல்லை என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் தொகுதியில் ஒரு கட்சியின் வேட்பாளர், ஓர் இளம் பெண், தான் வந்தால் அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று சொன்னாள். நான் அவளுக்காகப் படியேறி இறங்கத் தொடங்கினேன். அவளை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஏற்கனவே பதவியில் இருந்தவர். அந்தத் தொகுதியில் அவருடைய கட்சி நாற்காலியை நிறுத்தினாலும் வெல்லும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அன்ரி தேர்தலுக்கு ஆயத்தம் பண்ணுவதை ஒரு தரம் பார்த்திருக்கவேண்டும். தபாலில் வரும் துண்டுப் பிரசுரங்களை உடுப்புக் கவ்விகளால் கவ்வி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கட்டிய நூலில் வரிசையாகத் தொங்கவிடுவார். எல்லாக் கட்சிக்கும் ஒரே உயரம். வேலையால் வந்து, பால் எடுக்கப் போகும்போதும் மீன் எடுக்கப் போகும்போதும் அவற்றைப் பார்ப்பார். அகராதி வைத்துச் சொல் சொல்லாக வாசிப்பார். நாள் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கடைசியாக மிஞ்சுவதையும் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பே கழற்றிவிடுவார். அதனால் எது கடைசியில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. நான் சும்மா பச்சைமிளகாய் இரவல் கேட்கிற சாட்டில் ஏறிப்போய், கதவில் என் ஆள் இன்னும் தொங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வருவேன்.

அத்தோடு விடவில்லை. ஒவ்வொரு வேட்பாளரின் கந்தோருக்கும் போகவேண்டும், நீர் கூட வாரும் என்றார். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். "நான் உமக்கு வாக்குப் போடாட்டிலும் என்ர கடிதத்துக்குப் பதில் போடுவீரோ?" அதை நான் பிரெஞ்சில் சொல்லவேண்டும். பதவியில் இருந்தவர், நரைத்த மனிதர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "யார் எனக்குப் போட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும், மதாம்? அதனால் எல்லோருக்கும்தான் பதில் போடவேண்டியிருக்கிறது" என்றார். அன்ரியின் முகம் மலர்ந்தது. என் வேட்பாளர் அன்று அவசரத்தில் இருந்தாள். உங்களை நம்பியிருக்கிறோம் என்று சொல்லி, ஒரு பிரசுரத்தைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். நான் அன்ரிக்கு, கட்டாயம் பதில் போடுவாளாம், ஒவ்வொரு கடிதத்தையும் தானே வாசிப்பாளாம் என்று மொழிபெயர்த்தேன்.

அன்ரி என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை அவ்வளவு நீளமாச் சொல்லேல்லையே" என்றார்.

பிரெஞ்சு சுருக்கமான பாஷை என்று சொல்லிச் சமாளித்தேன். அன்ரி திரும்பக் கேட்கவில்லை. வீட்டுக்காரன் படிக்கட்டுப் பக்கம் வெப்பம் போடாத விசயமாக, பதவியில் இருந்தவருக்கு அன்ரி ஒருமுறை கடிதம் எழுதியிருந்தார். பதில் வந்தது, வெப்பம் வரவில்லை. அதை நான் பஸ்ஸில் ஞாபகப்படுத்தினேன். "பதில் வந்ததெல்லோ" என்றார்.

தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மழை. நனைந்த மேப்பிள் இலை இரும்புப் படியில் ஒட்டியிருந்தால் எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். அன்ரி நாலு படி சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு உடைந்துபோயிற்று. முழங்கைவரை கட்டுப் போட்டு, கழுத்தில் தூக்கிக் கட்டிவிட்டார்கள். வேலையைப் பற்றியோ சமையலைப் பற்றியோ அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. என்னைக் கண்டதும் கேட்டது, "பிள்ளை, இனி நான் எப்பிடிப் புள்ளடி போடுறது?" என்றுதான்.

இடது கையால் போடலாமே என்று எல்லோரும் சொன்னோம். மாட்டேன் என்றார். எண்ணும் மேசையில் எத்தனை சீட்டைத் தான் செல்லாது என்று தள்ளியிருக்கிறார் என்று சொன்னார். கோடு வெளியே போனது, இரண்டு கட்டத்தில் முட்டியது, புள்ளடியா கிறுக்கலா என்று தெரியாதது. அதையெல்லாம் போட்டவர்களும் நடந்து வந்து, வெயிலில் நின்று போட்டவர்கள்தானே. தன் கோணல் கையால் அப்படி ஒன்றைப் போட்டுக் குப்பைக்கு அனுப்ப அவர் தயாராக இல்லை.

இங்கே வாக்குச்சீட்டு கறுப்பு. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டம் மட்டும் வெள்ளை. பென்சில் வட்டத்துக்கு வெளியே போனாலும் கறுப்பில் தெரியவே தெரியாது. கை நடுங்கும் கிழவர்களையும் மனதில் வைத்துத்தான் அப்படிச் செய்தார்களோ என்னவோ. அன்ரியும் அதை முன்பு கண்டவர்தான், ஆனால் அவர் பயந்தது மன்னார் எண்ணும் மேசைக்கு. இந்த ஒரு விசயத்தை நான் அவருக்கு ஞாபகப்படுத்தியிருந்தால் போதும். எனக்கு ஞாபகம் வந்தது. நான் சொல்லவில்லை.

"மகனைக் கூப்பிடட்டோ?" என்று கேட்டேன். "அவனுக்கு வேலை" என்றார். "நீர் வாறீரோ?"

வாக்குச்சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில். தரையில் கூடைப்பந்துக் கோடுகள். மேசையில் இருந்த அலுவலர் அன்ரியின் கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, சொந்தமா என்று கேட்டார். சொந்தமென்றால் நாங்கள் இருவர் மட்டுமே மறைப்புக்குள் போகலாம். சொந்தமில்லை என்றால் அலுவலர்களும் கூட இருந்து பார்ப்பார்கள். நாங்கள் தெருவில் காண்கிறவரை எல்லாம் அன்ரி, மாமி என்று கூப்பிட்டு வளர்ந்த சனம். ஆனால் அந்த அலுவலர் கேட்டது அதையல்ல என்று எனக்குத் தெரியும். "என் அம்மாவின் தங்கை" என்றேன். அந்த நேரம் எனக்குக் களவு எண்ணம் இருக்கவில்லை, அலைச்சலைக் குறைக்கத்தான் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வருகிறேன். எனக்கே அது நம்பிக்கையாக இல்லை.

ஓர் அட்டையைத் தந்து வாசிக்கச் சொன்னார்கள். இந்தத் தேர்தலில் வேறொருவருக்கும் இப்படி உதவவில்லை, இவர் யாருக்கு வாக்களித்தார் என்று ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம். கையை உயர்த்தி வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று அன்ரி கேட்டார். சொன்னேன். "நல்லது" என்று தலையை ஆட்டினார். அந்தச் சத்தியத்தைக் கேட்டபிறகுதான் அவருடைய தோள் இறங்கியது.

அட்டை மறைப்புக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒட்டி நின்றோம். அன்ரி சீட்டை ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தார். வாழ்நாள் முழுக்க ஒருவருக்கும் சொல்லாத விசயத்தை முதல் தடவையாகச் சொல்லும்போதும் அவருக்குப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

"மேலயிருந்து நாலாவது" என்றார்.

நான் பென்சிலை எடுத்தேன். அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தன்னுடைய வாக்குச்சீட்டுத்தான். பார்க்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. கண்ணும் நன்றாகத் தெரியும். ஆனால் என் கையில் பென்சில் வந்ததும், பழகிய உடம்பு தன்பாட்டில் திரும்பிவிட்டது. தோள், இடுப்பு, கால் எல்லாம் சேர்த்து. என் முன்னால் அவருடைய முதுகும், கழுத்தில் கட்டியிருந்த தூக்குத் துணியின் முடிச்சும்தான் இருந்தன.

நாலாவது, பதவியில் இருந்த அந்த நரைத்த மனிதர். என் ஆள் இரண்டாவது. எனக்கு அந்த நேரத்தில் வந்தது கோபம். இவ்வளவு சொல்லியும், இவ்வளவு ஏறி இறங்கியும், ஒரு கடிதத்துக்குப் பதில் போட்டான் என்பதற்காகவா என்று. மனுசிக்கு விளங்கவில்லை, விளங்கியிருந்தால் இரண்டாவதுக்குத்தான் போட்டிருப்பார் என்று. என் கை இரண்டாவது வட்டத்துக்குப் போயிற்று. தவறிப் போகவில்லை, நான்தான் கொண்டுபோனேன். மேலங்கிப் பைக்குள் அந்தப் பொத்தான் இருந்தது. உள்ளே வரும்போது கழற்றச் சொல்லியிருந்தார்கள்.

பென்சிலை வைத்தேன். சத்தம் கேட்டு அன்ரி திரும்பினார். அதற்குள் சீட்டை மடித்துவிட்டேன்.

"வட்டத்துக்குள்ளயோ?" என்று கேட்டார்.

"வட்டத்துக்குள்ளதான் அன்ரி."

மடித்த சீட்டை இடது கையால் வாங்கி, தானே கொண்டுபோய்ப் பெட்டிக்குள் போட்டார். அது உள்ளே விழும்வரை துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் மை இல்லாத தன் விரலைப் பார்த்து, இவ்வளவு கவனமாக நடத்துகிறார்கள், மை மட்டும் பூசுகிறார்கள் இல்லை என்று குறைப்பட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்து வந்தார்.

அன்றிரவு முடிவு வந்தது. நரைத்த மனிதர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். என் ஆள் எங்கேயோ பின்னால் நின்றாள். ஒரு வாக்கைக் களவெடுத்து நான் எதையும் மாற்றவில்லை. வீணாகப் போகும் வாக்குகளைப் பற்றி மண்டபம் மண்டபமாகப் பேசியவள், அன்ரியின் வாக்கை என் கையாலேயே வீணாக்கினேன். தோற்றபிறகும் அவள் எங்களுக்கெல்லாம் நன்றிக் கடிதம் அனுப்பினாள். அதை நான் திறந்து வாசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அன்ரி ஒற்றைக் கையால் ரோல்ஸ் சுற்றிப் பொரித்துக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல். மன்னித்துக்கொள்ளும், இடக்கை என்றார். புருஷனும் பிள்ளைகளும் ஆசையாகச் சாப்பிட்டார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

உடைந்த கை ஒழுங்காகப் பொருந்தவில்லை. விரல்கள் முழுக்க மடியவில்லை. டோர்வல் வேலையை விட்டுவிட்டு அடுத்த மார்ச்சில் மகனோடு பியர்பொன்ட்ஸுக்குப் போனார். அதற்கடுத்த தேர்தல் வரும்வரை அவர் இருக்கவில்லை. செத்தவீட்டில், அம்மா உங்களைப் பற்றி எப்போதும் நல்லதாகவே சொல்வார் என்று மகன் என் கையைப் பிடித்துச் சொன்னபோது, எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளக்கக்கூடாதா என்று இருந்தது.

அவர் இருக்கும்போதே ஒருநாள் சொல்லிவிடத்தான் போனேன். வைகாசி மாதம், பஸ் இரண்டு மாறி, வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு. மகன் வேலைக்குப் போயிருந்தான். அன்ரி குசினியில் ஜன்னலோரம் இருந்தார். தேத்தண்ணியை நானே போட்டேன். இரண்டு வாய் குடித்ததும் தொடங்கினேன்.

"அன்ரி, அண்டைக்கு உங்கட வாக்கு…"

அவர் இடது கையை உயர்த்தினார்.

"அதைக் கதைக்கக்கூடாது பிள்ளை. நீர் சத்தியம் பண்ணினனீர்."

"வேற ஆருக்கும் இல்லை. உங்களுக்குத்தான் சொல்லப் பாக்கிறன்."

"எனக்கும் வேண்டாம். பெட்டிக்குள்ள போனது போனதுதான்."

நான் விடாமல் சொல்லியிருக்கலாம். கையை உயர்த்தினால் என்ன, காதைப் பொத்தினால் என்ன, நான் இரண்டாவதுக்குப் போட்டேன் என்று நாலு சொல்லில் சொல்லி முடித்திருக்கலாம். நான் செய்ததெல்லாம், அவருடைய அந்த நல்ல குணத்துக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டதுதான். உள்ளுக்குள் ஒரு துளி ஆறுதலும் வந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் வெட்கம்.

அன்ரி மடியாத விரல்களை மற்றக் கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். "இந்தக் கை இனிச் சரிவராது" என்றார். "அடுத்த முறையும் நீர்தான் வரவேணும்."

"இப்ப மகனோட இருக்கிறியள். அவர் கூட்டிக்கொண்டு போவாரெல்லோ" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே புற்றரையைப் பார்த்தார். பலகை நட்டிருந்த இடத்தில் இப்போது புல் முளைத்திருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"அவன் தன்ர விருப்பத்துக்குப் புள்ளடி போட்டிடுவான். பெத்த பிள்ளைதான், ஆனா அதில நம்பேலாது. நீர் வாரும்."

நான் ஓம் என்றேன். அதற்கு மேல் அடக்க முடியாமல் கண்ணீர் வந்துவிட்டது. கைப்பையைத் திறந்து துணி தேடினேன். நான் பையைத் திறந்ததைக் கண்டதும் அன்ரி கதிரையோடு மற்றப் பக்கம் திரும்பினார். நான் கண்ணையும் மூக்கையும் துடைத்து, பையைப் பூட்டுகிற சத்தம் கேட்கும்வரை அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.